லண்டனா வெலிங்டனா, அக்கா பையனுக்கு நான் சொன்னது

எங்க அக்கா பையனுக்கு போன மாசம் ஒரு குழப்பம். ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஆனா ஊர் மட்டும் அவனே முடிவு பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க, ஒண்ணு லண்டன், இன்னொண்ணு நியூசிலாந்துல இருக்கற வெலிங்டன், ரெண்டு வாரத்துல பதில் சொல்லணும். நான் லண்டன்ல நாலு வருஷம் வெலிங்டன்ல ஆறு வருஷம் குப்பை கொட்டிட்டு 2021ல கோயம்புத்தூர் வந்து சேந்தவன், அதனால நேரா எனக்கு அடிச்சான், மாமா எது நல்ல ஊருன்னு. நல்ல ஊருன்னா திண்டுக்கல் தான்டா, பிரியாணியாவது உருப்படியா கிடைக்கும்னு சொன்னேன். அவன் சிரிக்கல.

ஏற்கனவே ஒரு எக்செல் ஷீட் போட்டு வச்சிருந்தான் பையன். சம்பளம், டாக்ஸ், வாடகை, விசா, லீவு நாள் எல்லாம் வரிசையா. பாத்தேன், ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா நான் பத்து வருஷம் வெளியூர்ல இருந்ததுல தினமும் என்னை படுத்துன ஒரு விஷயம் அதுல எங்கயுமே இல்ல. அது மணி. அங்க எத்தன மணின்னா இங்க எத்தன மணி, அவ்ளோதான். போறதுக்கு முன்னாடி இத யாரும் பெருசா நினைக்கறதில்ல, கூகுள்ல பாத்துக்கலாம்னு விட்டுடறோம், போன ஒரு மாசத்துல தான் தெரியும் வீட்டோட பேசறது, தூங்கறது, கிரிக்கெட் பாக்கறது, சனிக்கிழமைய அனுபவிக்கறது எல்லாமே அந்த ஒரு கணக்குல தான் தொங்கிட்டு இருக்குன்னு.

கணக்க முதல்ல சொல்லிடறேன். லண்டன் நமக்கு பின்னாடி, குளிர்காலத்துல அஞ்சரை மணி நேரம், கோடையில நாலரை. வெலிங்டன் நமக்கு முன்னாடி, அவங்க குளிர்காலத்துல ஆறரை, கோடையில ஏழரை. இதுல ஒரு கூத்து என்னன்னா ஒரு ஊர்ல கோடைன்னா இன்னொரு ஊர்ல குளிர், அதனால ரெண்டு ஊருக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் வருஷம் பூரா ஒரே மாதிரி நிக்காது. லண்டன்காரன் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி முன்னாடி தள்ளுவான், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னாடி இழுப்பான். வெலிங்டன்ல செப்டம்பர் கடைசி ஞாயிறு முன்னாடி, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னாடி. ஆக ரெண்டு ஊருக்கும் நடுவுல நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 13 மணி நேரம், ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 11, அந்த மாத்தற சீசன்ல மட்டும் கொஞ்ச நாள் சரியா 12, அப்ப கடிகார முள்ளு ரெண்டு ஊர்லயும் ஒரே இடத்துல நிக்கும், ஒருத்தனுக்கு பகல் ஒருத்தனுக்கு ராத்திரி. நம்ம ஊர் கடிகாரம் மட்டும் எதையும் கண்டுக்காம தேமேன்னு இருக்கும், அதனால அம்மா அப்பாவுக்கு இது எப்பவும் புரியவே புரியாது, நேத்து வரைக்கும் இந்நேரத்துக்கு கூப்பிட்டான் இன்னைக்கு என்னாச்சுன்னு பயந்துடுவாங்க. எங்க அப்பா ஆறு வருஷமும் வருஷத்துக்கு ரெண்டு தடவ கேட்டாரு, கவர்மென்ட் சொன்னா சூரியன் கேக்குமாடான்னு.

இந்த கடிகாரம் தள்ற ஐடியாவுக்கே ரெண்டு ஊரும் சொந்தம் கொண்டாடலாம். வெலிங்டன் தபால் ஆபீஸ்ல ஜார்ஜ் ஹட்சன்னு ஒருத்தர் வேலை பாத்தாரு, லண்டன்ல பொறந்து சின்ன வயசுலயே நியூசிலாந்து போனவரு, பூச்சி பிடிக்கறதுல பைத்தியம். வேலை முடிஞ்சு வந்தா வெளிச்சம் பத்தலன்னு 1895ல அங்க உள்ள அறிவியல் சங்கத்துல ஒரு கட்டுரை படிச்சாரு, கோடையில கடிகாரத்த ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சா என்னன்னு. கேட்டவங்க கிண்டல் பண்ணாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு லண்டன் பக்கம் வில்லியம் வில்லட்டுன்னு வீடு கட்டற பில்டர் ஒருத்தர், கோடையில விடிஞ்சு இவ்ளோ நேரமாகியும் ஜன்னல சாத்திட்டு தூங்கறானுங்களேன்னு கடுப்பாகி, அதே விஷயத்த தனியா யோசிச்சு 1907ல சின்ன புத்தகம் போட்டு பார்லிமென்ட் வரைக்கும் அலைஞ்சாரு. 1915ல செத்துப்போனாரு, 1916ல உலகப்போர் நேரத்துல சட்டம் வந்துச்சு. அவருக்கு லண்டன் ஓரத்துல பெட்ஸ் வுட்டுல ஒரு சூரிய கடிகாரம் வச்சிருக்காங்க, அது கோடை நேரம் தான் காட்டும். ஹட்சன் பிடிச்ச பூச்சி எல்லாம் வெலிங்டன்ல தே பாப்பா மியூசியத்துல இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. நேரம்னா கிரீன்விச், கிரீன்விச்னா லண்டன், 1833ல இருந்து அங்க அப்சர்வேட்டரி மேல இருக்கற சிகப்பு பந்து தினம் மதியம் ஒரு மணிக்கு டக்குனு கீழ இறங்குது, ஆத்துல போற கப்பல்காரன் பாத்து கடிகாரத்த சரி பண்ணிக்க. ஆனா நாடு முழுக்க ஒரே நேரம்னு முதல்ல அதிகாரப்பூர்வமா வச்சது நியூசிலாந்து, 1868 நவம்பர் 2. தந்தி வந்துச்சு, ஊருக்கு ஊர் வேற மணி, தந்தி ஆபீஸ் எல்லாம் வெலிங்டன் நேரம் தான்னு முதல்ல சொன்னாங்க, தெக்க இருக்கற ஊர்க்காரங்க நாங்க ஏன் உங்க மணிக்கு எந்திரிக்கணும்னு சண்டைக்கு வந்தாங்க, கடைசில நடுவுல ஒரு கோட்ட எடுத்து கிரீன்விச்ச விட பதினொன்றரை மணி நேரம் முன்னாடின்னு முடிச்சாங்க. அப்ப அவங்களுக்கும் நம்மள மாதிரி அரை மணி கணக்கு தான், 1940கள்ல தான் முழுசா 12 ஆக்குனாங்க. பிரிட்டன்ல கிரீன்விச் நேரம் சட்டமானது 1880ல தான். பையன்கிட்ட இத சொன்னப்ப மாமா விஷயத்துக்கு வாங்கன்னான்.

சரி விஷயத்துக்கு வரேன். நீ ஆபீஸ் போறவன், உனக்கு போன் பேச கிடைக்கறது மூணே மூணு நேரம், காலைல கிளம்பறதுக்கு முன்னாடி, மதியம் சாப்பாட்டு நேரம், ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகு. இந்த மூணும் நம்ம வீடு இருக்கற திண்டுக்கல்ல எந்த நேரத்துல போய் விழுதுன்னு மட்டும் பாரு.

லண்டன்ல காலைல ஏழரைன்னா இங்க பகல் ஒண்ணு, கோடையில பன்னெண்டு, அம்மா அடுப்புல இருப்பாங்க, ஸ்பீக்கர்ல போட்டு சொல்லுடா சொல்லுடான்னு பாதி காதுல கேப்பாங்க. லண்டன்ல மதியம் ஒரு மணின்னா இங்க சாயங்காலம் ஆறரை, கோடையில அஞ்சரை, விளக்கு வைக்கற நேரம். ஆபீஸ் முடிஞ்சு நீ ட்யூப்ல, அதான் அந்த ஊர் பாதாள ரயில்ல, இடிபட்டு வீடு வந்து சேர ஏழு மணின்னு வை, இங்க அர்த்த ராத்திரி. அதனால லண்டன்ல இருந்தா வார நாள்ல ராத்திரி பேச்சுங்கறதே கிடையாது, உனக்கு மனசு கனமா இருக்கற நேரத்துல அவங்க தூங்கி ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும். நான் நாலு வருஷமும் கைல சாண்ட்விச்ச வச்சிக்கிட்டு டெஸ்க்ல தான் பேசினேன், பக்கத்துல இருக்கறவன் காதுல விழாம கிசுகிசுன்னு, அம்மா ஏன்டா ரகசியம் பேசற மாதிரி பேசற, யாரும் அதட்றாங்களான்னு கேப்பாங்க.

வெலிங்டன் அப்படியே தலைகீழ். காலைல ஏழு மணின்னா இங்க முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை, அத மறந்துடு. ஆனா மதிய சாப்பாட்டு நேரம் இருக்கு பாரு, அது தான் விசேஷம், அங்க ஒரு மணின்னா இங்க விடியக்காலம் அஞ்சரை, அவங்க குளிர்காலத்துல ஆறரை. எங்க அப்பா அஞ்சு மணிக்கே எந்திரிச்சிடுவாரு, வீட்ல வேற யாரும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க, அவரே ஒரு காபி போட்டுட்டு திண்ணையில உக்காருவாரு, அந்த நேரத்துல நான் தே பாப்பா பக்கத்துல கடல் ஓரம் பெஞ்சுல உக்காந்து சாப்பாட்டு டப்பாவ திறப்பேன், ஒரு கையால கடல் புறாவ விரட்டிக்கிட்டே கூப்பிடுவேன். நாங்க ரெண்டு பேரும் வாழ்க்கையில அவ்ளோ பேசுனதே இல்ல, ஒரே வீட்ல இருபத்திரெண்டு வருஷம் இருந்தப்ப கூட. அம்மா எந்திரிச்சு வந்துட்டா போன் அவங்க கைக்கு போயிடும்ல, அதுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் அவருக்கு மட்டும். என்னடா அங்க புயலா, கொரகொரன்னு சத்தம் வருதுன்னு கேப்பாரு. புயல் இல்லப்பா, சும்மா காத்து.

அப்புறம் ஆபீஸ் முடிஞ்சு அஞ்சரைக்கு நடந்து வீட்டுக்கு போறப்ப இங்க காலை பத்து, நம்ம ஊர் கோடைன்னா பதினொண்ணு. டிபன் வேலை எல்லாம் முடிஞ்சு அம்மா ஃப்ரீயா உக்காந்திருக்கற நேரம். ராத்திரி சாப்பிட்டு எட்டு மணிக்கு கூப்பிட்டா இங்க மதிய சாப்பாடு. ஆக லண்டன்ல இருந்தா அவங்களோட சாயங்காலம் உனக்கு, வெலிங்டன்ல இருந்தா அவங்களோட காலை உனக்கு, ரெண்டும் சேத்து கிடைக்காது.

வேலை நேரம்னு எடுத்தா லண்டன் தான் கெட்டி. அங்க ஒன்பது மணிக்கு நீ உக்காரும்போது பெங்களூர் டீம் மதியம் ரெண்டரையில இருப்பாங்க, நாலு மணி நேரம் சேந்து வேலை பாக்கலாம், ஐரோப்பா பூரா பக்கத்துல, அமெரிக்காக்காரன் மதியம் எந்திரிச்சு வருவான். அதனால தான் பண விவகாரம், இன்சூரன்ஸ், பேங்க் எல்லாம் அங்க குமிஞ்சு கிடக்கு, ஆசியா மூடறதையும் நியூயார்க் திறக்கறதையும் ஒரே பகல்ல பாத்துடலாம். வெலிங்டன்ல பெங்களூர் டீம் லாகின் பண்றப்ப நீ பைய தூக்கி தோள்ல மாட்டிட்டு இருப்ப. அமெரிக்கா மேற்கு கரையோட மட்டும் நல்லா ஒட்டும், வெலிங்டன்ல செவ்வாய் காலை ஒன்பதுன்னா அவங்களுக்கு திங்கள் மதியம் பன்னெண்டு. வெலிங்டன்ல ஒரு சுகம், திங்கக்கிழமை அமைதியா இருக்கும், ஏன்னா மத்த உலகம் இன்னும் ஞாயித்துக்கிழமையில கிடக்கு. அந்த சுகத்துக்கு தண்டனை சனிக்கிழமை காலைல வரும். லண்டன்ல இருந்த கிளையண்ட் ஒருத்தரு எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சின்ன டவுட்டுன்னு போன் போடுவாரு, அவருக்கு வாரம் முடியப்போற சந்தோஷம், எனக்கு சனிக்கிழமை காலை ஏழு மணி, பல்லு கூட விளக்கியிருக்க மாட்டேன். ஒரு வருஷம் பொறுத்துட்டு அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரியே போன ஆஃப் பண்ண ஆரம்பிச்சேன்.

கடிகாரம் போக சூரியன் ஒண்ணு இருக்கு. லண்டன் ரொம்ப வடக்க இருக்கு, டிசம்பர்ல காலைல எட்டு மணிக்கு விடியும், சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், நீ ஆபீஸ்ல இருந்து வெளிய வந்தா நடுராத்திரி மாதிரி இருக்கும், ஒரு வாரம் பூரா சூரியன கண்ணால பாக்காம இருந்திருக்கேன், மழையும் இல்ல வெயிலும் இல்ல ஒரு சாம்பல் கலர், அவ்ளோதான். முதல் வருஷம் மார்கழியில எனக்கு காரணமே இல்லாம அழுகை வந்துச்சு, டாக்டர் வைட்டமின் டி எழுதி குடுத்தாரு. அதுக்கு ஈடா ஜூன் மாசம் ராத்திரி ஒன்பதே கால் வரைக்கும் வெளிச்சம், பார்க்ல புல்லுல படுத்துக்கிட்டு ஊரே கும்மாளம் போடும், அந்த ரெண்டு மாசத்துக்காகவே மத்த பத்து மாசத்த அந்த ஊர் மன்னிச்சு விட்டுடும். வெலிங்டன்ல இந்த ஆட்டம் கொஞ்சம் கம்மி, குளிர்காலத்துலயும் அஞ்சு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், கோடையில ஒன்பது வரைக்கும். ஆனா மாசம் எல்லாம் புரட்டி போட்டிருக்கும், மார்கழின்னா சட்டைய கழட்டிட்டு கடல்ல குளிக்கற காலம், பொஹுதுகாவா மரம் ரோடு பூரா செகப்பா பூத்து கொட்டும், பொங்கலுக்கு காலைல ஆறு மணிக்கு பளீர்னு சூரியன் வரும், பால்கனில பொங்கல் வச்சா நிஜமாவே சூரியனுக்கு காட்டலாம். லண்டன்ல பொங்கலன்னைக்கு எட்டு மணிக்கு திரைய விலக்கி மேகத்த பாத்து கும்பிட்டுட்டு ஆபீஸ் போனவன் நான். ஆடி மாசம் வெலிங்டன்ல நடுக்குளிர், அம்மிய பறக்க விடறது அங்க வழக்கமே, ஆடியில மட்டும் இல்ல.

காத்துன்னதும் தான் ஊரோட குணம் ஆரம்பிக்குது. வெலிங்டன் ரெண்டு தீவுக்கும் நடுவுல இருக்கற குக் ஜலசந்தி ஓரம் உக்காந்திருக்கு, அந்த சந்துல காத்து புனல்ல ஊத்துன மாதிரி வரும். ஏர்போர்ட் பக்கம் மலையில வெலிங்டன்னு பெருசா எழுதி வச்சிருக்காங்க, கடைசி எழுத்துங்க காத்துல பறந்து போற மாதிரி டிசைன் பண்ணி, தன்னத்தானே கிண்டல் பண்ணிக்கற ஊரு. தெக்கத்தி காத்து நேரா அண்டார்டிகா பக்கத்துல இருந்து வரும், சதர்லின்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தைய கேட்டாலே ஆளுங்க கோட்டு ஜிப்ப மேல இழுப்பாங்க. நான் போன முதல் வாரம் மழைக்கு குடை வாங்கினேன், கடைக்காரம்மா பில் போடறப்பவே ஒரு மாதிரி பாத்தாங்க, வெளிய வந்து முக்கு திரும்பினேன், குடை உள்ள வெளியா திரும்பி கம்பி நாலும் நாலு பக்கம் நின்னுச்சு, பக்கத்துல குப்பைத்தொட்டியில போடலாம்னு போனா அதுல ஏற்கனவே மூணு குடை அதே கோலத்துல கிடக்குது. அன்னைக்கே புரிஞ்சுச்சு, லண்டன்ல குடை, வெலிங்டன்ல மழைக்கோட். இவ்ளோத்துக்கும் அந்த ஊர்க்காரங்க ஒரு வசனம் வச்சிருக்காங்க, நல்ல நாள்ல வெலிங்டன அடிச்சுக்க ஊரே இல்லன்னு. உண்மை தான், வருஷத்துல அந்த நல்ல நாள் எப்ப வரும்னு தான் தெரியாது, வந்தா ஆபீஸ்ல பாதி பேருக்கு உடம்பு சரியில்லாம போயிடும்.

அளவு பாரு. லண்டன்ல 90 லட்சம் பேர். வெலிங்டன் சிட்டில சுமாரா 2 லட்சம், நம்ம திண்டுக்கல் டவுன் அளவு, சுத்தி உள்ள ஊர் எல்லாம் சேத்தாலும் 4 லட்சத்த கொஞ்சம் தாண்டும். ஒரு நாட்டோட தலைநகரம்னு சொன்னா நம்ப மாட்ட. பார்லிமென்ட்ல அமைச்சருங்க உக்கார்ற கட்டடம் தேன்கூடு மாதிரி இருக்கும், பேரே பீஹைவ், அங்க இருந்து ஆபீஸ், கடை, தியேட்டர், துறைமுகம் எல்லாமே நடக்கற தூரம். அமைச்சர் காபிக்கு வரிசையில உனக்கு முன்னாடி நிப்பாரு, யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. பஸ்ல இருந்து இறங்கறப்ப எல்லாரும் டிரைவருக்கு தேங்க்யூ சொல்லிட்டு இறங்குவாங்க, சொல்லாம இறங்குனா ஏதோ கடன் வச்ச மாதிரி இருக்கும். மூணு மாசத்துல உன்னை காபிக்கடைக்காரன் பேர் சொல்லி கூப்பிடுவான், அது நல்லா இருக்கும், ஆறு வருஷம் கழிச்சும் நீ அதே நாப்பது பேரையே திரும்ப திரும்ப பாப்ப, அது அவ்ளோ நல்லா இருக்காது. கல்யாணம் ஆகாத பையன் இத யோசிச்சுக்கணும்.

லண்டன் வேற ஜாதி. அங்க உன்னை யாரும் கண்டுக்க மாட்டாங்க, அது தான் அந்த ஊரோட கொடுமையும் சுதந்திரமும். ட்யூப்ல மூக்குக்கு மூக்கு இடிக்க நிப்பாங்க ஆனா கண்ணுக்கு கண்ணு பாக்க மாட்டாங்க, 1863ல இருந்து ஓடுது அந்த ரயிலு, பேசாம வர்றதுங்கறது எழுதாத சட்டம். எஸ்கலேட்டர்ல நடக்கறவங்களுக்கு விட்ட இடது பக்கம் நின்னு பாரு, பின்னால ஒரு இருமல் சத்தம் வரும், அந்த இருமலுக்கு ஒரு பக்கம் அர்த்தம் இருக்கு. ஆனா ஈஸ்ட் ஹாம்ல இறங்குனா மல்லிப்பூ வாங்கலாம், முருங்கைக்காய் வாங்கலாம், வெம்ப்ளி, ஹாரோ, டூட்டிங்னு எந்த பக்கம் போனாலும் தமிழ் போர்டு, பெரும்பாலும் ஈழத்து ஆளுங்க உழைப்புல வந்தது, ஹைகேட்ல முருகன் கோயில், ஈலிங்ல அம்மன் கோயில் தேரே ரோட்ல ஓடும். அம்மாவ ஆறு மாசம் கூட்டிட்டு போய் வச்சிக்கணும்னா லண்டன்ல அவங்க தனியா பொழுத ஓட்டிடுவாங்க.

வெலிங்டன்லயும் கோயில் உண்டு, நியூலாண்ட்ஸ் பக்கம் குறிஞ்சிக்குமரன், தமிழ்நாடு இலங்கை மலேசியா எல்லாரும் அங்கயே கூடுவாங்க. இன்னொரு தமிழ் சங்கதியும் அங்க இருக்கு, அது லண்டன்ல கூட கிடையாது. 1836 வாக்குல கொலென்சோங்கற மிஷனரி வடக்குத் தீவுல போனப்ப அந்த மண்ணோட பூர்வகுடி மாவோரி பெண்கள் ஒரு வெண்கல பாத்திரத்துல உருளைக்கிழங்கு வேகவச்சிட்டு இருந்தாங்களாம், பாத்தா அது பாத்திரம் இல்ல, உடைஞ்ச கப்பல் மணி, அதுல தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஸ் கப்பலோட மணின்னு எழுதியிருக்கு. எந்த கப்பல், எப்படி அவ்ளோ தூரம் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த மணி இப்ப தே பாப்பா மியூசியத்தோட சொத்து. அத பத்தி நான் முதல்ல எங்க அப்பாகிட்ட தான் சொன்னேன், அதே பெஞ்சுல உக்காந்து, அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கேட்டாரு, உருளைக்கிழங்கு நல்லா வெந்துச்சாமான்னு.

மாவோரிங்க புது வருஷம் மதாரிகி, ஜூன் ஜூலை வாக்குல விடியறதுக்கு முன்னாடி கிழக்க ஒரு நட்சத்திர கூட்டம் தெரியறத வச்சு. எந்த கூட்டம் தெரியுமா, நம்ம கார்த்திகை, அதே ஆறு பொண்ணுங்க. 2022ல இருந்து அதுக்கு அரசு விடுமுறை, நான் மூட்டை கட்டி கிளம்புன அடுத்த வருஷம்.

நிலநடுக்கத்த சொல்லாம விட்டா அக்கா என்னை கொன்னுடுவாங்க. வெலிங்டன் பூமி பிளவு மேல உக்காந்திருக்கு. 1855ல வந்த நடுக்கத்துல தரையே மேல எழும்பி வந்துடுச்சு, இப்ப பெரிய கடைவீதியா இருக்கற லாம்ப்டன் கீ அந்த காலத்து கடற்கரை, பழைய கரை இதுதான்னு நடைபாதையில பலகை பதிச்சிருக்காங்க. கிரிக்கெட் ஆடற பேசின் ரிசர்வ் கப்பல் நிறுத்தற குளமா ஆக வேண்டியது, அந்த நடுக்கத்துல மேல வந்து மைதானம் ஆயிடுச்சு. 2016 நவம்பர் 14 நடுராத்திரி 7.8 அளவுல ஒண்ணு வந்துச்சு, மையம் தெற்குத் தீவுல தான், ஆனா எங்க கட்டடம் ஒரு நிமிஷத்துக்கு மேல ஆடுச்சு, கிச்சன்ல இட்லி பாத்திரம் உருண்டு வந்து ஹால்ல நின்னுச்சு, நான் மேஜைக்கு அடியில. பல ஆபீஸ் கட்டடத்த அப்புறம் இடிச்சாங்க. அங்க இருக்கறவங்க இதோடயே வாழப் பழகிட்டாங்க, தே பாப்பாவே ரப்பரும் ஈயமும் சேத்த திண்டு மேல தான் நிக்குது, வீட்ல ஏழு நாளைக்கு தண்ணி பிடிச்சு வைப்பாங்க. லண்டன்ல இந்த பயம் இல்ல. வீட்ட பொறுத்தவரைக்கும் ரெண்டும் மோசம், லண்டன்ல எலி வளை அளவு ரூமுக்கு வாடகை கண்ண கட்டும், வெலிங்டன்ல பழைய மர வீடு, குளிர்காலத்துல வீட்டுக்குள்ளயே வாயில புகை வரும், செவுத்துல பூஞ்சை பிடிக்கும்.

தூரம் தான் வெலிங்டனுக்கு எதிரா நான் சொல்ற பெரிய வாதம், இத நான் குறைச்சு சொல்ல மாட்டேன். லண்டன்ல இருந்து சென்னைக்கு நேரடி ஃப்ளைட், பத்து பதினோரு மணி நேரம், காலைல நியூஸ் கேட்டா அடுத்த நாள் காலை திண்டுக்கல்ல இருக்கலாம். வெலிங்டன் ஏர்போர்ட் ரன்வே சின்னது, ரெண்டு முனையிலயும் கடல், பெரும்பாலும் ஆக்லாந்தோ ஆஸ்திரேலியாவோ போய் அங்க இருந்து சிங்கப்பூர், அங்க இருந்து திருச்சி. 2018ல அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு போன் வந்தது எனக்கு ராத்திரி ரெண்டு மணி. காத்து அடிக்குதுன்னு காலை ஃப்ளைட் கிளம்பல, ஆஸ்பத்திரி வாசல்ல நான் ஆட்டோல இருந்து இறங்குனப்ப முப்பத்தஞ்சு மணி நேரம் ஆயிருந்துச்சு. அவரு பெட்ல உக்காந்து தயிர் சாதம் சாப்பிட்டுட்டு இருந்தாரு, நல்லவேளை. ஆனா அந்த முப்பத்தஞ்சு மணி நேரத்த நான் எந்த எக்செல் ஷீட்லயும் போட்டு காட்ட முடியாது.

சில்லறை விஷயம் ரெண்டு. லண்டன்ல விசாவுக்கு மேல ஆஸ்பத்திரி வரின்னு வருஷத்துக்கு 1,035 பவுண்ட் முன்கூட்டியே கட்டணும், கம்பெனி தருமான்னு கேட்டுக்கோ. லீவு லண்டன்ல அரசு விடுமுறையும் சேத்து 28 நாள் சட்டப்படி, நியூசிலாந்துல 20 நாளும் தனியா 12 அரசு விடுமுறையும்.

கிரிக்கெட்ட விட்டுட்டேன், அவனுக்கு அது முக்கியம். ஐபிஎல் இங்க ஏழரைன்னா லண்டன்ல மதியம் மூணு, மீட்டிங்ல மேஜைக்கு அடியில போன வச்சு பாத்துக்கலாம். வெலிங்டன்ல ராத்திரி ரெண்டு மணி, காலைல எந்திரிச்சு ஸ்கோர் பாக்கறதோட சரி. ஆனா பேசின் ரிசர்வ்ல புல் மேட்டுல துண்ட விரிச்சு படுத்துக்கிட்டு டெஸ்ட் மேட்ச் பாக்கற சுகம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல வராது, லார்ட்ஸ்ல டிக்கெட் கிடைக்கறதே பெரும்பாடு. 2023 பிப்ரவரில ஃபாலோ ஆன் வாங்கியும் நியூசிலாந்து ஒரே ஒரு ரன்ல இங்கிலாந்த ஜெயிச்சது அங்க தான். அத நான் கோயம்புத்தூர்ல விடியக்காலம் அலாரம் வச்சு எந்திரிச்சு பாத்தேன், டிவில அந்த புல் மேட்ட காட்டுனப்ப எல்லாம் நான் உக்கார்ற இடத்துல எவனோ உக்காந்திருந்தான்.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் மாமா நீங்க தான் முடிவு சொல்லணும்னான். நான் சொன்னேன், வேலையில மேல மேல போகணும்னா, கம்பெனி மாத்தணும்னா லண்டன், யோசிக்காத. இப்ப இருக்கற வேலை போதும், சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய வந்து கடல பாக்கணும்னா வெலிங்டன். ரெண்டும் சரின்னு தோணுச்சுன்னா உங்க அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு, ஒரு நாள்ல எந்த நேரம் உனக்கு ஓய்வுன்னு, வேற எதுவும் கேக்காத, எந்த ஊருன்னு கேட்டா போகவே வேண்டாம்னு தான் சொல்லுவாங்க.

கேட்டிருக்கான். அக்கா சொன்னது, காலைல பத்து மணிக்கு மேல நான் சும்மா தான் கண்ணு இருப்பேன், எவ்ளோ நேரம் வேணா பேசு, சாயங்காலம் ஆறரைல இருந்து பத்து வரைக்கும் மட்டும் கூப்பிடாத, சீரியல் ஓடும்.

அதுக்கப்புறம் நாலு நாள் அவன்கிட்ட இருந்து சத்தமே இல்ல. நேத்து ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சு, மாமா, கோயம்புத்தூர்ல நல்ல மழைக்கோட் எந்த கடையில கிடைக்கும், ஜிப் கழுத்து வரைக்கும் வர்ற மாதிரி.